ஒரே ஆளுக்கு இருபத்துமூன்று பூட்டுகள்

காஜா பெராங் சாலையில், கம்போங் செட்டிக்குத் திரும்பும் சந்துக்கு எதிரே, தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை இருந்தது. அதன் வாசலில் எப்போதும் ஓர் எண்ணெய்ப் பீப்பாய் நிறையத் தண்ணீர் நிற்கும். பழுது பார்த்து முடித்த படகு இஞ்சினை அந்தப் பீப்பாயின் விளிம்பில் மாட்டிக் கயிற்றைச் சுண்டி இழுப்பார் சேதுராமன். இஞ்சின் பிடித்துக்கொண்டதும் தண்ணீர் பொங்கிச் சாலையில் வழியும். பட்டறைக்கும், அதன் பின்னால் சேதுராமன் குடியிருந்த வீட்டுக்கும் சொந்தக்காரரான, தமிழ் மறந்த மலாக்காச் செட்டிக் குடும்பத்து அம்மாள் சத்தம் பொறுக்காமல் வெளியே வந்து தன் மலாயில் ஏசுவார். சேதுராமன் கையைக் குவித்து மன்னிப்புக் கேட்பார். பத்து நிமிஷம் கழித்து அடுத்த இஞ்சினை மாட்டுவார்.

அவர் மலாக்காவிலேயே பிறந்தவர். அப்பா நகராட்சியில் சாலைக் கூலியாக இருந்தார். ஜப்பான்காரன் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயில் லாரி ஓட்டினார்களே, அந்த எண்ணெய் அடைத்துக்கொண்ட இஞ்சின்களைக் கழுவிக் கழுவித்தான் அவர் தொழில் கற்றார். சண்டை முடிந்து சில வருஷங்களில் படகுகளின் பின்னால் தொங்கவிடும் சின்ன இஞ்சின்கள் ஊருக்குள் வந்தன. மலாய்க்காரர்கள் அதை 'இஞ்சின் சங்குட்', தொங்கும் இஞ்சின், என்றார்கள். தமிழர்களும் அப்படியே சொன்னார்கள். அதைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் அப்போது மலாக்கா ஆற்றோரத்தில் சேதுராமன் ஒருவர்தான்.

அதிகம் பேசமாட்டார். சண்டை போடத் தெரியாது. கோபம் வந்தால் ஏதாவது ஒரு கார்புரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவ ஆரம்பித்துவிடுவார். அவர் மனைவி பாக்கியலட்சுமிக்கு அந்த மண்ணெண்ணெய் வாசனை வந்தாலே விஷயம் புரிந்துவிடும்.

பாக்கியலட்சுமி ஜொகூரில், தங்காக் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பெற்றோர் இறந்தபின் அங்கே அவருக்கு மிச்சமிருந்தது ஒரே தம்பி, தியாகு. ஐம்பத்தைந்தில் அந்தத் தோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். துண்டு வாங்கிய முதலாளிகள் தங்கள் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். பால் மரம் சீவிக்கொண்டிருந்த தியாகு இருபத்திரண்டு வயதில் ஒரு தகரப் பெட்டியுடன் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். கூச்ச சுபாவம். கூப்பிட்டால் ஒழியச் சாப்பிட உட்காரமாட்டான். சேதுராமன் நாலு பேரிடம் சொல்லி அவனுக்குத் துறைமுகத்தில் ஒரு வேலை பிடித்துக்கொடுத்தார். மலாக்காவில் கடல் ஆழம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நின்றுவிடும். தோங்காங் படகுகளில்தான் சரக்கை ஏற்றி இறக்க வேண்டும். அந்த மூட்டைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளும் வேலை. ஓய்வு நாளில் மாமாவுக்காக ஆற்றங்கரையிலிருந்து பழுதான இஞ்சின்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவான். இரண்டு வருஷம் இப்படி நன்றாகத்தான் போயிற்று.

ஐம்பத்தேழு மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை. நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் காய்கறி, முட்டை, ஆடு கொண்டுபோய்க் கொடுக்கும் வியாபாரி சிஹாபுதீன், தன் சம்பான் படகைப் படித்துறையில் கட்டிவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போனார். திரும்பி வந்தபோது சம்பான் இருந்தது, இஞ்சின் இல்லை. பட்டப்பகல். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். ஒருவரும் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். அந்த இஞ்சின்களைப் படகின் பின்பலகையில் கவ்வி நிற்க வைப்பது கைப்பிடி உள்ள இரண்டு திருகுகள் மட்டும்தான். கையாலேயே சுற்றிக் கழற்றிவிடலாம். கோணிச் சாக்கில் சுருட்டிச் சைக்கிளில் வைத்தால் வேலை முடிந்தது.

சிஹாபுதீன் போலீசில் எழுதிக்கொடுத்தார். பட்டறைக்கும் வந்து, யாராவது விற்கக் கொண்டுவந்தால் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். சேதுராமனுக்கு அந்த இஞ்சினை நன்றாகத் தெரியும். எண்ணெய்க் குழாயின் திருகு உடைந்தபோது, அடுப்பிலிருந்து கழற்றிய ஒரு பித்தளைத் திருகை அவர்தான் அதில் பொருத்தியிருந்தார்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பித்தளைத் திருகு அவர் பட்டறைக்கே திரும்பி வந்தது.

கொண்டுவந்தவர் காசிம். சுங்கை ரம்பாய் பக்கத்தில் விறகுப் படகு ஓட்டும் மலாய்க்காரர். இஞ்சின் பாதி வழியில் நின்றுவிடுகிறது என்றார். எங்கே வாங்கினீர்கள் என்று சேதுராமன் கேட்டதும் காசிம் சிரித்தார். உங்கள் கடையில்தான், உங்கள் ஆள்தான் சைக்கிளில் கொண்டுவந்து விற்றான் என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ரசீது ஒன்றை எடுத்து நீட்டினார். அது சேதுராமனின் பட்டறை ரசீது. ரப்பர் முத்திரை இருந்தது. கீழே எண்களை எழுதியிருந்த கை, ஒவ்வொரு ஏழுக்கும் குறுக்கே ஒரு சின்னக் கோடு போட்டிருந்தது. மூட்டை எண்ணும் இடத்தில் தியாகு பழகிக்கொண்ட வழக்கம் அது.

சேதுராமன் ரசீதை இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். காசிமை உட்காரச் சொல்லிக் காப்பி வரவழைத்தார். பிறகு பட்டறையின் உள்ளே போய், சாக்கு போட்டு மூடியிருந்த ஓர் இஞ்சினை எடுத்து வந்தார். மூன்று உடைந்த இஞ்சின்களிலிருந்து பாகங்களைப் பொறுக்கி, இரண்டு வருஷமாகத் தனக்கென்று அவர் சேர்த்துக்கொண்டிருந்தது அது. ஒரு சிறு படகு வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் பிடிக்கப் போக வேண்டும் என்று ஆசை. பீப்பாயில் மாட்டி ஓட்டிக் காட்டினார். கனமான விறகுப் படகுக்கு இதுதான் சரி, விற்றதில் எங்கள் பக்கம் தவறு நடந்துவிட்டது, மாற்றிக் கொடுக்கிறேன் என்று மட்டும் சொன்னார். காசிமுக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. போகும்போது ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வரவேண்டும் என்று அழைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் தியாகு வேலையிலிருந்து திரும்பும் முன்பே பாக்கியலட்சுமி பட்டறைக்குள் எட்டிப் பார்த்தார். கணவர் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டார். சேதுராமன் எதையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்ததும் பாக்கியலட்சுமி பீப்பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அவன அடிச்சிடாதீங்க. போலீசுக்கும் போகாதீங்க. சொல்லிக் காட்டினா அன்னைக்கே பெட்டியத் தூக்கிட்டுப் போயிடுவான். அப்பறம் எங்க போய்த் தேடறது?"

"அப்ப என்ன செய்யச் சொல்ற?"

"கையெட்டற தூரத்துல கெடந்துச்சு, எடுத்துட்டான். எடுக்க முடியாத மாதிரி செஞ்சிடுங்க."

அவர் ஆத்திரத்தில், வேறொன்றும் தோன்றாமல் சொன்னது அது. ஆனால் சேதுராமனின் மனத்தில் அது அப்படியே தங்கிவிட்டது.

மறுநாள் இஞ்சினை மூன்று சக்கரப் பெச்சா வண்டியில் வைத்துச் சிஹாபுதீன் கடைக்கு எடுத்துப் போனார். பழுதுக்கு வந்தது, அடையாளம் கண்டுகொண்டேன், யார் என்று மட்டும் கேட்காதீர்கள் பாய் என்றார். சிஹாபுதீன் ஊரில் மரியாதை உள்ள மனிதர். உருளைக்கிழங்கு மூட்டையின்மேல் உட்கார்ந்து, பித்தளைத் திருகை விரலால் தடவிப் பார்த்தார்.

"சரி சேது. உங்க மொகத்துக்காக இப்பக் கேக்கல. போலீசுலயும் கெடச்சிடுச்சின்னு சொல்லிடறேன். ஆனா இன்னொரு தடவ போச்சின்னா கேப்பேன்."

"இன்னொரு தடவ போகாது பாய்."

சொல்லிவிட்டு வந்தாரே தவிர, எப்படிப் போகாமல் இருக்கும் என்று அவருக்கே தெரியாது. ஒரு வாரம் யோசித்தார். இஞ்சினைக் கவ்வும் இரண்டு திருகுகளின் கைப்பிடிகளையும் ஒன்றையொன்று பார்க்கும்படி திருப்பி வைத்தால், இரண்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிதான் இருக்கும். அந்த இரண்டையும் சேர்த்து மூடுகிற மாதிரி ஓர் இரும்பு உறை செய்து, பக்கத்திலிருந்து நுழைத்து, கடைசியில் துளை போட்டுப் பூட்டினால் திருகைச் சுற்ற முடியாது. சுற்ற முடியாவிட்டால் கழற்ற முடியாது. ஏலத்தில் வாங்கிய பழைய இரும்புக் கட்டில்களின் சட்டங்களை அறுத்து, இரண்டிரண்டாகச் சேர்த்துத் தறையாணி அடித்து உறை செய்தார். முதல் உறையைச் சிஹாபுதீன் சம்பானில் மாட்டினார். பத்தே நாளில் உப்புத் தண்ணீர் பட்டுப் பூட்டு இறுகிப்போய், சாவியும் உள்ளே முறிந்துவிட்டது. கப்பல் காத்திருக்கச் சிஹாபுதீன் கரையில் நின்று கத்தினார். சேதுராமன் ரம்பம் கொண்டுபோய்த் தன் பூட்டைத் தானே அறுக்க வேண்டியதாயிற்று. அடுத்ததற்குப் பித்தளைப் பூட்டு வாங்கி, உள்ளே கிரீஸ் நிரப்பி, சாவித் துளைக்கு மேல் சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு மூடியை ஒட்டினார். அது நின்றது.

ஒரு சம்பானுக்குப் பூட்டினால் போதுமா? ஆற்றில் இன்னும் எத்தனையோ இஞ்சின்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் பார்க்கும்போது அவருக்குத் தியாகுவின் சைக்கிள்தான் நினைவுக்கு வந்தது. அதனால் படகு படகாகப் போய்க் கேட்க ஆரம்பித்தார். மீனவர்கள் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. படகு கவிழ்ந்தால் இஞ்சினைக் காப்பாற்றுவது எப்படி என்று ஒருவர் கேட்டார். எல்லாப் பூட்டுக்கும் இன்னொரு சாவி இவரிடம் இருக்காதா என்று இன்னொருவர் சிரித்தார். அதற்குப் பிறகு சேதுராமன் கடையில் வாங்கிய பூட்டின் அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலேயே கொண்டுபோவார். படகுக்காரரையே பிரிக்கச் சொல்வார். இரண்டு சாவியும் அவர் கைக்கே போகும். இரும்புக்கும் பூட்டுக்கும் ஆன செலவைத் தவிர எதுவும் வாங்கவில்லை. மலாயில் தொங்கு பூட்டுக்கு 'மங்கா' என்று பெயர். மாம்பழத்துக்கும் அதே பெயர்தான். 'சேதுவின் மாம்பழம் காய்த்துவிட்டதா' என்று படகுக்காரர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு அந்தப் பூட்டு பிரபலமாயிற்று.

ஊரெல்லாம் சுதந்திர நாளுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. பண்டார் ஹிலிரில் மூங்கில் வளைவுகள் கட்டினார்கள். அன்று அலங்காரப் படகுகள் ஆற்றில் வரிசையாகப் போகும் என்ற பேச்சு வந்ததும், புதிதாக இஞ்சின் வாங்கியவர்களெல்லாம் சேதுராமனைத் தேடி வந்தார்கள். ஆகஸ்டு நடுவில் பூட்டுகளின் எண்ணிக்கை இருபத்துமூன்று ஆகியிருந்தது. வியாபாரம் பிடிக்கிறான் என்று சிலரும், நல்ல மனுஷன் என்று சிலரும் பேசினார்கள். காரணம் தெரிந்தவர்கள் அவரும் அவர் மனைவியும் மட்டும்தான்.

வீட்டில் தியாகுவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. ஆனால் அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? சிஹாபுதீன் சம்பானில் பழைய இஞ்சின் திரும்பி வந்து தொங்குவதை அவன் பார்த்திருந்தான். காலையில் அக்கா கட்டிக்கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போவதும், சாயங்காலம் வருவதும், தலையைக் குனிந்து சாப்பிடுவதுமாக நாட்கள் போயின. ஆற்றிலிருந்து இஞ்சின் எடுத்து வரும் வேலையை மாமா அவனிடம் சொல்வதே இல்லை. பெச்சாக்காரரிடம் சொல்லிவிடுவார்.

அந்த ஆகஸ்டு மாதக் கடைசி வாரத்தில், முகத்துவாரத்தில் கட்டியிருந்த ஒரு மீன்பிடிப் படகின் இஞ்சின் போய்விட்டது. பூட்டு போட்ட படகுதான். திருடியவர்கள் பூட்டைத் தொடவே இல்லை. இஞ்சின் கவ்வியிருந்த பின்பலகையையே இரண்டு பக்கமும் ரம்பத்தால் அறுத்து, பலகையோடு தூக்கிப் போயிருந்தார்கள். சேதுராமன் போய்ப் பார்த்தார். அறுத்த இடம் புதிதாக, வெள்ளையாக இருந்தது.  நேராகப் பட்டறைக்குத் திரும்பி வந்து, ஆணியில் தொங்கிய மர ரம்பத்தை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, பற்களின் ஓரமாக விரலை ஓட்டிப் பார்த்தார். மரத்தூள் ஒட்டியிருக்கிறதா என்று.

நிமிர்ந்தபோது வாசலில் தியாகு நின்றுகொண்டிருந்தான். பகல் இரண்டு மணி. வேலை நேரம்.

"அது நா இல்ல மாமா," என்றான்.

சேதுராமன் பற்களிலிருந்து விரலை எடுத்தார். ரம்பத்தை ஆணியில் மாட்டப் போனார். அது சரியாக மாட்டிக்கொள்ளவில்லை. தரையில் வைத்தார்.

"முன்ன எடுத்தது நாந்தான். இது நா இல்ல. சத்தியமா."

"சரி."

"ஆத்துல போட்டிருக்கிற அத்தன பூட்டும் எனக்காகத்தானே?"

சேதுராமன் இல்லை என்று சொல்ல நினைத்தார். அவருக்குப் பொய் வரவில்லை.

"ஒனக்காகத்தான்."

தியாகு பீப்பாய்க்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அழுதான். பிறகு மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னான். ஜனவரியிலேயே அவன் வேலை போய்விட்டது. மூட்டை எண்ணிக்கையில் ஏதோ தகராறு. மேலே இருந்த கணக்குக் கிராணி தன் தப்பை இவன் தலையில் கட்டிவிட்டார். மாமா நாலு பேரிடம் கெஞ்சி வாங்கிக் கொடுத்த வேலை என்பதால் வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. காலையில் சாப்பாட்டுத் தூக்குடன் கிளம்பி, கோட்டைக்குப் பக்கத்து மரத்தடியிலும் சந்தையிலும் பொழுதைப் போக்கிவிட்டுத் திரும்பினான். மாதக் கடைசியில் அக்கா கையில் சம்பளம் கொடுக்க வேண்டுமே. முதல் மாதம் சட்டையையும் கைக்கடிகாரத்தையும் விற்றான். அடுத்ததற்கு விற்க எதுவும் இல்லை. இஞ்சினைக் கழற்றும்போது படித்துறையில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் பார்த்தார்கள். மாமாவுக்காகத்தான் எடுத்துப் போகிறான் என்று நினைத்து ஒருவர் சாக்கைப் பிடித்து உதவிகூடச் செய்தார். அதுதான் இன்று வரை உறுத்துகிறது என்றான். ஏப்ரலிலிருந்து சந்தையில் மீன் கூடை தூக்கி, அந்தக் கூலியைத்தான் சம்பளம் என்று கொடுத்து வந்திருக்கிறான்.

சேதுராமன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வேல போச்சின்னு சொல்லியிருந்தா நாங்க என்ன செஞ்சிருப்போம்னு நெனச்ச?"

 உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த பாக்கியலட்சுமி வெளியே வந்தார். தம்பியை எழுப்பி, போய் முகத்தைக் கழுவு என்றார். அன்றைக்கு அவன் தூக்கில் இருந்த சோறு பிரிக்காமலேயே இருந்தது. அதை வாங்கி வைத்துவிட்டு, மூன்று பேருக்கும் புதிதாக உலை வைத்தார்.

பின்பலகையை அறுத்தவர்கள் வெளியூர்க்காரர்கள். அடுத்த மாதம் போலீஸ் பிடித்தது. ஆனால் அதற்குக் காத்திராமல் சேதுராமன் மறுபடியும் எல்லாப் படகுகளுக்கும் போனார். இஞ்சின் கவ்வும் இடத்தில் பின்பலகையின் உள்ளும் புறமும் இரும்புப் பட்டை வைத்து, படகின் பக்கப் பலகை வரை நீட்டி முடுக்கினார். இந்த முறை பட்டைகளைச் சுமந்துகொண்டு கூட வந்தவன் தியாகு. ஆகஸ்டு முப்பத்தொன்றாம் தேதி கொடிகளும் தோரணங்களும் கட்டிய படகுகள் பாலத்துக்குக் கீழே வரிசையாகப் போனபோது, மூவரும் கரையில் நின்று பார்த்தார்கள். பாக்கியலட்சுமி படகுகளின் முன்பக்கத்தைப் பார்த்தார். மற்ற இருவரும் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்ததாக அவர் பிற்பாடு சொல்லிச் சிரிப்பார்.

தியாகு குருபோங் பக்கம் சாலை போடும் வேலைக்குப் போனான். வெயிலில் கல் சுமக்கும் வேலை. முதல் சம்பளம் வாங்கியதும் பஸ் ஏறிச் சுங்கை ரம்பாய்க்குப் போய், காசிமிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தான். காசிமுக்கு அவன் சொன்னது பாதிதான் விளங்கியது. இஞ்சின் நன்றாக ஓடுகிறது, எதற்கு வருத்தப்படுகிறாய் என்று சொல்லி அவனுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினார்.

சிஹாபுதீனிடம் போக மட்டும் அவனுக்குக் கால் வரவில்லை. மாதங்கள் ஓடின. ஐம்பத்தெட்டில் குடியுரிமைக்குப் பதியச் சொல்லி ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. மலாக்காவில் பிறந்த சேதுராமனுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஜொகூர்த் தோட்டத்தில் பிறந்த அக்காவும் தம்பியும் மனுப் போட வேண்டியிருந்தது. நடத்தை நல்லது என்று உறவினர் அல்லாத, ஊரில் மதிப்புள்ள ஒருவர் எழுதிக் கொடுத்தால் நல்லது என்று மனு எழுதுகிறவர் சொன்னார். பாக்கியலட்சுமிக்கு வீட்டுக்கார அம்மாள் எழுதிக் கொடுத்தார். தியாகுவைத் தெரிந்த, மதிப்புள்ள மனிதர் என்று பார்த்தால் ஒருவர்தான் இருந்தார்.

சேதுராமன் தான் வந்து கேட்கிறேன் என்றார். தியாகு வேண்டாம் என்றான். சிஹாபுதீன் கடைக்குத் தனியாகப் போனான். தாளை நீட்டுவதற்கு முன், உங்கள் இஞ்சினை எடுத்தவன் நான்தான் என்று சொன்னான்.

சிஹாபுதீன் கையிலிருந்த முட்டைத் தட்டைக் கீழே வைத்தார். 

"இத மறைச்சி வச்சிட்டுக் கேட்டிருந்தா இப்பவே கையெழுத்துப் போட்டிருப்பேன், தெரியுமா?"

"தெரியும் பாய்."

"இன்னைக்குப் போட மாட்டேன். பொய்யா எழுதிக் கொடுக்க எனக்கு வராது. நோம்பு கழியட்டும். வேலைக்கு ஒழுங்காப் போறியான்னு விசாரிப்பேன். அப்பறம் வா."

தியாகு தாளை மடித்துக்கொண்டு வந்துவிட்டான். தம்பிக்குக் கிடைக்காமலே போய்விடுமோ என்று பாக்கியலட்சுமிக்குப் பயம். சேதுராமன் மட்டும், மனுஷன் செய்தது சரி என்றார். சிஹாபுதீன் சொன்னபடியே விசாரித்தார். குருபோங் சாலை வேலை நடக்கும் இடத்துக்கு ஒரு நாள் மோட்டார்க் காடியில் வந்து, மேஸ்திரியிடம் பேசிவிட்டுப் போனதைத் தியாகு தூரத்திலிருந்து பார்த்தான். நோன்புப் பெருநாள் முடிந்த மறுவாரம் அவரே ஆள் அனுப்பினார். கடைக்குப் போனபோது அவர் பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, தாளை ஒரு வரி விடாமல் படித்து, கையெழுத்துப் போட்டு, கடைமுத்திரையையும் குத்திக் கொடுத்தார்.

அந்த வருஷக் கடைசியில் தியாகுவுக்குக் குடியுரிமைத் தாள் வந்தது. மறு வருஷம் ஜாசினில் ஒரு பெண் பார்த்தார்கள். பெண்ணின் தகப்பனாரும் சித்தப்பாவும் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கக் காஜா பெராங்குக்கு வந்தபோது, எங்களைக் கேட்டால் நல்லவன் என்றுதானே சொல்வோம் என்று சொல்லி, பாக்கியலட்சுமி அவர்களை நேரே சிஹாபுதீன் கடைக்கு அனுப்பி வைத்தார்.